தண்ணீர் இல்லை என்றது மெஷின்

"தொட்டியில கழுத்து மட்டும் தண்ணி கெடக்கு. இது என்னடான்னா தண்ணியே இல்லங்குது! பச்சப் பொய்யால்லா சொல்லுது?"

ஐஸ் மெஷினைத் திட்டிக்கொண்டே சண்முகையா சட்டையைக் கழற்றினார். காகிதம் ஒட்டியிருந்த பக்கவாட்டின் மேல் அதைத் தொங்கப் போட்டுவிட்டு மறுபடி குந்தினார். முன்பக்கத்தில் 'தண்ணீர் இல்லை' என்ற சிவப்பு விளக்கு அணைவேனா என்றது.

"அண்ணாச்சி, நாளைக்கு ஆடித்தபசுத் திருநாள். ஊரே தெரண்டு வரும். ஐஸ் இல்லாம நான் சர்பத்துன்னு என்னத்த விக்க?" என்றாள் கடைக்காரி மஹ்பூபா. "சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். சரியாவலைன்னா திருநெல்வேலி என்ஜினியரக் கூப்பிட்டுருவேன்."

சண்முகையாவுக்குச் சுருக்கென்றது. சங்கரன்கோவிலில் ஐஸ் மெஷின் என்றால் சண்முகையாதான் என்று டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொல்லி வைத்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். என்ஜினியர் வந்து இறங்கினால் ஒரு டீக்கடையிலும் தலைகாட்ட முடியாது.

தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சாரைக் கழற்றித் துடைத்தார். புதுசு மாட்டினார். ஒயரையும் மாற்றிப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

'ஏலே சண்முகையா, உனக்குச் சைக்கிளுக்குக் காத்தடிக்க வேலையே அதிகம்லே' என்று மனசுக்குள் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

மத்தியானம் மஹ்பூபா உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து நீட்டினாள். கை முழுக்க எண்ணெய். வாங்கும்போதே தம்ளர் வழுக்கித் தொட்டிக்குள் கவிழ்ந்தது.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

விளக்கு பட்டென்று அணைந்தது. மோட்டார் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

வாயைப் பிளந்துகொண்டு நின்றவருக்குச் சற்றுப் பொறுத்துத்தான் மண்டையில் உறைத்தது. தண்ணீரில் கொஞ்சமாவது உப்பு இருந்தால்தான் அதில் கரண்ட் பாயும். பாய்ந்தால்தான் சென்சாருக்குத் தண்ணீர் இருப்பதே தெரியும்.

"ஏம்மா, இதுல என்ன தண்ணி ஊத்துன?"

"டிஸ்டில்டு வாட்டர், அண்ணாச்சி. ராஜபாளையத்துல இருந்து கேன் கேனா வரவழச்சேன். ஒரு பொட்டு உப்பு கெடையாது."

சண்முகையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் தப்பு தன் மேல் இல்லை! வாசலில் சர்பத்துக்கு நின்றவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"அதான பாத்தேன்! ஐஸ் மெஷினுக்குப் போயி டிஸ்டில்டு வாட்டரா? எந்தக் கூறுகெட்ட பய சொன்னான்? அவன இங்கன கூட்டிட்டு வா. நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கேன்!"

மஹ்பூபா மெஷின் மேல் கிடந்த சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மறைந்திருந்த காகிதத்தில் சிவப்பு மையில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது: 'உப்புத் தண்ணி சென்சாருக்கு எமன். துளி உப்பும் இல்லாத தண்ணி மட்டும் ஊற்றவும்.'

"கீழ கையெழுத்தையும் வாசிங்க, அண்ணாச்சி."