எழுதிக் கொடுத்த ஆள்

சர்க்கரை ஏறிப்போயிருந்த கோமதிநாயகத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தரவில்லை. கூட நடக்க ஒரு ஆளை எழுதிக் கொடுத்தார்கள். பெயர் ஞானமுத்து. விடிந்ததும் கதவைத் தட்டி, "அண்ணாச்சி, கிளம்புவமா?" என்பார். மனைவி போன பிறகு அந்தக் கதவைத் தட்டிய ஒரே ஆள் அவர்தான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருவரும் குளத்தங்கரையைச் சுற்றி வருவார்கள்.

சர்க்கரை இறங்கியது. "உங்களுக்குக் குணமாயிட்டு, இனி துணை வேண்டாம்" என்று நர்ஸ் நிறுத்திவிட்டாள். ஞானமுத்துவை வேறு நோயாளிக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் வீடு எங்கே என்று இத்தனை நாளில் கோமதிநாயகம் கேட்டதே இல்லை.

கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் அல்வாக் கடைக்குப் போனார். மூச்சுமுட்ட மூச்சுமுட்டத் தினமும் தின்றார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டே நர்ஸ் மறுபடியும் துணைக்கு எழுதினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

விடிந்ததும் கதவு தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தார். முன்பின் தெரியாத யாரோ நின்றிருந்தார்.

"ஞானமுத்து வரலையா?"

"அவரு உங்க சர்க்கரைக்குக் கேக்கலையாம் சார். அதான் ஆளை மாத்தி எழுதிட்டாங்க."