பானையில் வெந்த இடியாப்பம்

மிஷினில் வெந்ததைச் சாப்பிட்டால் மூட்டுவலி வருமாமே, நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எங்கள் தலத்தெரு வீட்டில் கேள்விப்படாதவர் யாரும் கிடையாது. சொன்னவர் என் மாமியாரின் அக்கா, லோகாம்பாள் பெரியத்தை. அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, "அப்பாடா, முட்டி" என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருவார். மிஷினில் வெந்ததை அவர் வாழ்நாளில் தொட்டதே இல்லை. அப்புறம் எப்படி வலி என்று யாரும் கேட்டதும் இல்லை.

மிஷின் என்றால் ஆவியில் வேக வைக்கிற ஓவன். துபாயிலிருந்து லீவில் வந்த என் வீட்டுக்காரர் சென்னையில் இறங்கியதும் வாங்கி வந்தது. அடுப்படி மேடையில் பழைய டிவி மாதிரி உட்கார்ந்திருக்கும். டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் பட்டனைத் தட்டினால் போதும். இடியாப்பம், புட்டு, மீன் எதுவானாலும் தானே வெந்து, தானே நின்றுவிடும். கேக்கும் சுடுமாம்.

"தண்ணி தீந்துட்டா அதுவே கூவும். அப்ப ஊத்தினா போதும்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் ஃப்ளைட் ஏறிவிட்டார்.

எனக்குக் காரைக்கால் டவுனில் ஒரு பல் டாக்டரிடம் வேலை கிடைத்திருந்தது. காலையில் நான் போய்த்தான் கதவைத் திறக்க வேண்டும். அதற்குள் பலகாரமும் ஆக வேண்டும், எல்கேஜி படிக்கும் கதிரவனும் கிளம்ப வேண்டும். அடுப்புப் பக்கத்திலேயே நின்றால் நடக்காது. மிஷின் இருந்தால்தான் வேலை.

பெரியத்தை விடவில்லை.

"கமலா, மிஷின் சாப்பாடு, வேலைக்குப் போற மருமவ. அடுத்தாப்ல உன்னை எங்க கொண்டுபோய் விடப்போறாளோ."

என் மாமியார் கமலாம்பாள் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா எதிரில் அவருக்கு ரோஷம் கொஞ்சம் சீக்கிரமே வரும்.

"நிலா, வேலைக்குப் போறதுன்னா போ. ஆனா இட்லிப் பானையில வெந்தாத்தான் நான் கை வைப்பேன். மிஷின்ல வெந்ததுன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே அது பரணுக்குப் போயிரும்."

மிஷின் பரணில் ஏறினால் என் வேலையும் கூடவே ஏறிவிடும். அழுதால் ஆகுமா? ஒரு வழி கண்டுபிடித்தேன்.

காலையில் அத்தை கோயிலுக்குப் போவார். "போயிட்டு வர்றேன்" என்று வாசலில் நின்று இரண்டு மூன்று தடவையாவது சொல்லிவிட்டுத்தான் போவார். உடனே இட்லித் தட்டுகளில் இடியாப்பத்தைப் பிழிந்து மிஷினுக்குள் தள்ளிவிட்டுக் கதிரவனைக் குளிப்பாட்டுவேன். வெந்ததும் தட்டுகளை இட்லிப் பானைக்கு மாற்றி, அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க விடுவேன். மூடியைத் திறந்தால் ஆவி வர வேண்டுமே.

அத்தை திரும்பி வருவது தெருவுக்கே தெரியும். கேட்டை அறைந்து சாத்துவார், இருமுவார், செருப்பை உதறுவார். எனக்கு வசதியாகப் போயிற்று.

சாப்பிட்டு முடித்ததும் சொல்வார். "பானைன்னா பானைதான். பஞ்சு மாதிரி இருக்கு பாரு."

வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிச் சிரித்தேன்.

"எங்கம்மாவையே ஏமாத்துறியா? சரி, டப்பாவுல தண்ணி ஊத்துறியா?"

"நீங்க ஊருக்குப் போன அன்னிக்கு ஊத்துனதுதாங்க. இன்னும் ஒரு தடவைகூட கூவல."

"அப்ப நல்ல கம்பெனிதான்" என்றார் பெருமையாக.

போன வெள்ளிக்கிழமை பெரியத்தை சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்து இறங்கினார். கோயிலிலிருந்து திரும்பிய அத்தையும் அவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே கதிரவனின் ஒற்றை ஷூவைக் காணோம். தேடுகிற அவசரத்தில் தட்டுகளைப் பானைக்குள் வைத்து, மூடி, அடுப்பையும் பற்ற வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றவில்லை.

"கமலா, ஏதோ தீயிற வாடை வருதே?"

பானையில் தண்ணீரே இல்லாமல் இடியாப்பம் எப்படி வெந்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

"எதிர்வீட்டுல கருவாடு சுடுறாங்க" என்று எழுந்தார் அத்தை.

"வெள்ளிக்கிழமையிலயா?"

"அவங்க கிழமையெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா. நீ உக்காரு, முட்டி வலிக்கப்போவுது."

நேராக அடுப்படிக்கு வந்தார். அடுப்பை அணைத்து மூடியைத் திறந்தார். பானையின் அடி கறுத்துக் கிடந்தது. மேலே இடியாப்பம் வெள்ளை வெளேரென்று இருந்தது. என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியத்தை தேங்காய்ப்பாலை ஊற்றி நாலு இடியாப்பத்தை உள்ளே தள்ளினார்.

"இதான்டி பதம். மிஷின்ல இந்தப் பதம் வருமா, சொல்லு?"

"எங்கேருந்து வரும்?" என்றார் அத்தை.

"இதைத் தின்னாலே முட்டிவலி கொறைஞ்ச மாதிரி இருக்கு" என்று ஐந்தாவதை எடுத்துக்கொண்டார் பெரியத்தை.

ஷூ கிடைத்துவிட்டது. கதிரவனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சாயங்காலம் வரும்போது மிஷின் பரணில் இருக்கும். டாக்டரிடம் இன்றைக்கே சொல்லிவிடலாமா என்று யோசித்தபடி செருப்பை மாட்டினேன்.

அத்தை பின்னாலேயே வந்தார். கூடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நிலா, எனக்கும் வயசாவுது. தினம் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி மிஷின் டப்பாவுக்கு நான்தானே தண்ணி ரொப்பி வச்சிட்டுப் போறேன். பானைக்காவது நீ மறக்காம ஊத்தும்மா."