17.4

கேள்வி எளிதுதான். தரைச் சார்பு என்றால், எண்ணைத் தாண்டாத மிகப்பெரிய முழு எண்ணுக்கு இறங்க வேண்டும். கூரைச் சார்பு என்றால், அதற்குக் குறையாத மிகச்சிறிய முழு எண்ணுக்கு ஏற வேண்டும். துண்டிப்பு என்றால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட வேண்டும். செண்பகவல்லி மூன்றும் அறிந்தவள். தரைச் சார்பில் 5.2-க்கு ஐந்து, 12.8-க்குப் பன்னிரண்டு என்று சரியாகவே எழுதியிருந்தாள். 17.4-க்கு மட்டும் பதினெட்டு.

ரெஜினா டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"எல்லாத்துலயும் ஒழுங்கா இறங்கிட்டு, இதுல மட்டும் எதுக்குடி ஏறுன?"

"எங்க வீட்டுக் கணக்கு அதுதான் டீச்சர். எனக்குப் பதினேழு முடிஞ்சு பதினெட்டு நடக்குதுல்ல, அது போதும்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்க. வர்ற புதன்கிழமை முகூர்த்தம்."

அவள் நகம் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது.

"சரியான விடை உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சர். தப்புன்னு போடுங்க. நல்லாப் பெருசாப் போடுங்க. பேப்பர்ல அப்பா கையெழுத்து வாங்கணும்ல."