இருபது நாள் பயிற்சி

மாஸ்டர் வலது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கார் ஓட்டக் கற்ற பெண்ணின் அப்பா டிரைவிங் ஸ்கூலுக்குள் நுழைந்தார். மாஸ்டர் அவசரமாக பேண்ட்டை இறக்கிவிட்டு எழுந்தார்.

"உக்காருங்க மாஸ்டர். ஒரே ஒரு கையெழுத்துதான் வேணும்."

மகள் போய் ஐந்து நாள். மேம்பாலத்து இறக்கத்தில் முன்னால் போன லாரி நின்றது, அவள் கார் நிற்கவில்லை. அப்பா வாங்கித் தந்த பழைய காரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனியே எடுத்திருந்தாள்.

ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்று போலீஸ் எழுதிவிட்டது. அப்படியென்றால் பிரேக் வேலை செய்யவில்லை, முந்தின வாரம் அதை மாற்றிய மெக்கானிக்தான் என் பெண்ணைக் கொன்றான் என்று அப்பா அடித்துச் சொன்னார். சரியாகத்தான் மாற்றினேன் என்று ஸ்டேஷனில் அவன் அழுகிறானாம். அழுதால் யார் காதில் வாங்குகிறார்கள்?

ஓட்டத் தெரியாமல் மோதிவிட்டாள் என்று அவன் வக்கீல் கதை கட்டப் பார்க்கிறாராம். அந்த வாயை அடைக்க மாஸ்டரின் சொல் வேண்டும். அவள் நன்றாக ஓட்டுவாள் என்று எழுதிக்கொண்டு வந்த தாளை அப்பா மேஜையில் விரித்தார்.

திட்டாத மாஸ்டர் என்று இவருக்கு ஒரு பெயர் உண்டு. மற்ற ஸ்கூல்களில் காரே அதிரும்படி கத்துவார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. தொட்டதற்கெல்லாம் பயப்படுகிற பிள்ளைகளை இவரிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள்.

தாளோடு மகளின் பயிற்சிப் புத்தகத்தையும் அப்பா எடுத்துவைத்தார். 'முன் வண்டியோடு இடைவெளி: மிக நன்று.' இருபது நாளும் அதே வரி, மாஸ்டரின் அதே கையெழுத்து. காலி மைதானத்தில் நடந்த டெஸ்டிலும் ஒரே தடவையில் பாஸ். அதை வைத்துக்கொண்டு வீட்டில் அவள் அலட்டிய அலட்டல் கொஞ்சமில்லை.

"பிரேக்கைப் பத்தி நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடுதுப்பான்னு சொல்லுவா மாஸ்டர். அவ்வளவு கைவந்திருந்துது அவளுக்கு."

மாஸ்டர் தாளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் ஸ்கூலின் பெயர் தப்பும். மெக்கானிக் ஜெயிலுக்குப் போவான். போடாவிட்டால் இந்த மனிதர் இங்கேயே இடிந்து விழுந்துவிடுவார் போலிருந்தது.

"நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இருபது நாள்ல ஒரு வண்டியையாவது இடிச்சாளா?"

"இல்லைங்க."

"முன்னாடி வண்டி நின்னப்பல்லாம் கார் நின்னுதா, இல்லையா?"

"நின்னுதுங்க."

"அப்புறம் என்ன யோசனை? போடுங்க."

மாஸ்டர் பேனாவை எடுத்தார். மூடி கழன்று உருண்டது, அப்பாவே குனிந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பணிவு மாஸ்டரைக் குத்தியது. வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை அவர். பேனாவைத் தாளின் மேல் படுக்கவைத்தார்.

"என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குங்க. ஒவ்வொரு தடவையும் மிதிச்சது நான்தான்."