டீச்சரம்மா வீட்டுக் கதவு

"என்னது, கதவு ரிப்பேருக்குப் போயிட்டாரா?"

போனில் மேனேஜர் சொன்னதைக் கேட்டதும் பெரியவரின் மகனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

ஊரில் பாதிப் பேர் பெரியவர் கட்டிய வீடுகளில் குடியிருக்கிறார்கள். மீதிப் பேர் அவர் கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இன்று ஆஸ்பத்திரியில் அவர் பெயரில் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். மேடை தயார். மைக் தயார். சிறப்பு விருந்தினரும் வந்து வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கல்வெட்டைத் திறக்கவேண்டிய மனிதரைத்தான் காணவில்லை.

அதே மேடையில் தன்னுடைய புது அடுக்குமாடித் திட்டத்தையும் அறிவித்துவிடலாம் என்று மகன் கணக்குப் போட்டிருந்தார். அதில் மண் விழுந்துவிடும் போலிருந்தது.

காரை எடுத்துக்கொண்டு பறந்தார்.

கார் போய் நின்ற இடம், பெரியவர் முதன்முதலாகக் கட்டிய குடியிருப்பு. விற்கும்போதே, "ஒரு ஆணி கழண்டாலும் என்னைக் கூப்பிடுங்க. நான் இருக்கிற வரைக்கும் என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். இப்படி எத்தனையோ பேர் சொல்வதுதான். இவர் மட்டும் கம்பெனியை மகன் கையில் கொடுத்த பிறகும் அதை விடவில்லை. அதுவும் மனைவி இறந்த பிறகு, வாரம் முழுக்க அங்கேதான்.

இரண்டாம் மாடிக்கு ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பாதான். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசிக்க மகனுக்கு அப்போது பொறுமை இல்லை.

விழாவுக்காகப் போட்ட சட்டையின் கைகளை மடித்துவிட்டு, பெரியவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கதவின் ஓரத்தில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! அங்கே ஊரே காத்துக்கிட்டிருக்கு!"

"கத்தாதேடா. டீச்சரம்மா வீட்டுக் கதவு உரசுதாம், சாத்த வரலையாம். முடிஞ்சுது. கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

அவர் உள்ளே போனதும், ரிட்டயரான அந்த டீச்சரிடம் மகன் பாய்ந்தார்.

"ஏங்க, உங்களுக்கே இது நல்லாயிருக்கா? என்னைக்கோ வாங்கின வீடு. இந்த வயசுல ஒரு மனுஷனைப் படியேற வைக்கிறீங்களே, ஒரு தச்சரைக் கூப்பிட வக்கில்லையா? ஓசின்னா விடறதில்லையா?"

டீச்சரம்மா கோபப்படவில்லை. கதவை ஒற்றை விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தார்.

"அதான் இப்போ சரியாப் போச்சே" என்றார் மகன்.

"எப்பவுமே சரியாத்தான் இருக்கு தம்பி. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"அப்புறம் எதுக்கு..?"

"உங்க அம்மா போன புதுசுல ஒருநாள் கீழே வந்து நின்னாரு. ‘எந்த வீட்லயாவது ஏதாவது ரிப்பேர் இருக்கா’ன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டாரு. இல்லைன்னதும் முகம் விழுந்துபோச்சு. நான் பால்கனியிலேர்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். அப்போலேர்ந்து நாங்க வீட்டுக்கு வீடு முறை வெச்சுக்கிட்டோம். நேத்து மேல் வீட்ல குழாய் ஒழுகிச்சு. இன்னிக்கு என் கதவு."

"சும்மா வாங்கன்னு கூப்பிடலாமே..."

"‘தனியா இருக்கீங்களே, வந்து ஒரு டீ குடிங்க’ன்னா வருவாரா? அவ்வளவு பெரிய மனுஷர். வேலைன்னாத்தான் வருவாரு. இன்னிக்கு விழான்னு சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி. அவர் வாயே திறக்கலை."

அப்பா வந்ததும் மகன் அவரைக் காருக்குக் கூட்டிப் போனார்.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு பெரியவரே ஆரம்பித்தார்.

"பாவம்டா அந்த டீச்சரம்மா."

"ஏன்ப்பா?"

"நீயும் கட்டடக்காரன்தானே? இந்த வெயில்ல எந்த மரம் உப்பும்? மழை பெஞ்சாத்தானே கதவு உரசும்! புள்ளைங்க எல்லாம் வெளியூர்ல. பேச ஆளில்லை. சும்மா வாங்கன்னு கூப்பிடக் கூச்சம், அதான் கதவு மேல பழியைப் போடறாங்க. அந்த பில்டிங்ல முக்காவாசிப் பேர் இப்படித்தான். நானும் மெழுகுவத்தியைத் தேய்ச்சிட்டு, கொஞ்ச நேரம் பேசிட்டு வர்றேன். வெளியே சொல்லிடாதே, சங்கடப்படுவாங்க."

இதில் யார் யாருக்கு உதவி செய்கிறார்கள் என்று மகனுக்கு விளங்கவில்லை. அந்த உதவியில் தான் எந்தப் பக்கமும் இல்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது. இத்தனைக்கும் ஒரே பங்களா. கீழே அப்பா, மேலே மகன் குடும்பம். நடுவில் ஒரு மாடிப்படிதான்.

ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. கூட்டம் காரைப் பார்த்ததும் கைதட்டத் தொடங்கியது.

மகன் காரை மெதுவாக்கினார்.

"அப்பா... எங்க மாடிக் கதவு கூடக் கொஞ்ச நாளா உரசுது. சாயங்காலம் வந்து என்னன்னு பார்க்கிறீங்களா?"

பெரியவர் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கோபமே இல்லாமல் சொன்னார்:

"உன் கதவு உரசலைப்பா. நான் அடிக்கடி வந்து தள்ளிப் பார்த்திருக்கேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும்."