ஒரு தாள் கனம்

தில்லை நகர் ஹோட்டலில் மகன் ஜனார்தன் பக்கத்தில் இருக்க, எதிரே இருந்த அம்ருதாவைப் பார்த்தாள் செண்பகவல்லி. இந்தப் பெண் சரியென்றால்தான் கல்யாணம். இவளுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டுமே என்று கவலையாக இருந்தது. அம்ருதாவின் பக்கத்தில் அவள் அப்பா வேதாந்தம் மெனு கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேலை பார்க்கறே?"

"சாட்டிலைட்டைத் தள்ற சின்ன எலக்ட்ரிக் இன்ஜின் செய்யறோம், மாமி. வாயுவுக்கு மின்சாரம் ஏத்தி வேகமா பின்னால விரட்டும். சாட்டிலைட் முன்னால போகும்."

"பலமாத் தள்ளுமோ?"

"உள்ளங்கையில ஒரு தாளை வெச்சா என்ன கனமோ, அவ்வளவுதான்."

ஜனார்தன் சிரித்தான். "எறும்புகூட நகராது போலிருக்கே."

"இங்க நகராது. அங்க தடுக்கறதுக்குக் காத்து இல்லை. மாசக்கணக்கா விடாம தள்ளினா வேகம் சேர்ந்துண்டே போகும்."

செண்பகவல்லிக்கு அந்த இன்ஜினைப் பிடித்துப்போயிற்று. பெண்ணையும்தான்.

"நானும் ஒரு வருஷமா தினம் கொஞ்சம் பேசிப் பேசித்தான் இவரை அழைச்சிண்டு வந்தேன்" என்றாள் அம்ருதா. "அம்மா போனப்புறம் தனியாவே இருந்துட்டார். எனக்குப் பூரண சம்மதம். உங்களுக்கு அப்பாவைப் பிடிச்சிருக்கா, மாமி?"

செண்பகவல்லி கூச்சத்துடன் மகன் பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏம்மா பார்க்கறே? மாப்பிள்ளையைப் பாரு" என்றான் ஜனார்தன்.