முழங்காலுக்கு நானூறு மீட்டர்

அப்பாவின் செயற்கை முழங்கால்களுக்குள் ஒரு குட்டி வெப் சர்வரை வைத்து, வீட்டிலிருந்து நானூறு மீட்டர் தாண்டினால் நின்றுவிடும்படி செட்டிங்ஸ் போட்டவன் மகன் இளம்பரிதி. பாதுகாப்புக்காம். அதற்காக ‘முதியோர் விடுதலைச் செம்மல்’ விருது வாங்கப் போன இடத்துக்கு அப்பா போன் செய்தார்.

“பெரியத்தைக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருக்குப்பா. தெருமுனையில கால் நின்னுபோச்சு. ஆட்டோவுல ஏறலாம்னா மடங்கவும் மாட்டேங்குது. கொஞ்சம் திறந்து விடு.”

“மேடை ஏறப்போறேன்ப்பா. இறங்கி வந்து திறக்கறேன். அத்தை தாங்குவாங்க.”

சால்வை, ஏற்புரை, குழுப்படம் எல்லாம் முடிந்ததும் போனிலேயே எல்லையை அடியோடு நீக்கிவிட்டு அழைத்தான்.

“இனி எங்க வேணும்னாலும் போகலாம்ப்பா.”

“அக்கா போய்ச் சேர்ந்துட்டாப்பா. எனக்குப் போறதுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். நீ பழையபடி பூட்டியே வச்சிடு.”